சிறிய ஓய்வூதியச் சேமிப்பு: எடுக்குமுன் அறிய வேண்டியவை



பிரித்தானியாவில் வாழும் எங்கள் ஆதரவாளர்களில் பலர் இப்போது அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் மாறி மாறி உழைத்தவர்கள் அவர்கள். வேலை செய்த இடங்களில் எல்லாம் அவர்கள் பெயரில் மூவாயிரம், ஐயாயிரம் பவுண் என்று சிறு தொகைகள் இருக்கக்கூடும். அதை எப்படி எடுப்பது என்று ஆராதனை முடிந்து பேசிக்கொண்டு நிற்கும்போது எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. தொகை சிறியதுதான். ஆனால் எடுக்கும் வழியும் காலமும் பிழைத்தால், அதில் ஒரு பங்கு வீணே வரியாகப் போய்விடும். எனவே இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

இந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது?

2012 அக்டோபர் முதல் தொழிலாளரை வேலைத்தல ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியே சேர்க்க வேண்டும் என்ற சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 22 வயதுக்கு மேற்பட்டு, அரச ஓய்வூதிய வயதை எட்டாமல், ஒரே வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் உழைப்பவர்களுக்கு இது பொருந்தும். 2019 ஏப்ரல் முதல் சம்பளத்தில் கணக்கிற்கு எடுக்கப்படும் பகுதியின் 8 வீதமாவது இதற்குச் செல்ல வேண்டும். அதில் 3 வீதத்தையாவது முதலாளி தர வேண்டும். ஆகவே இது உங்கள் உழைப்பின் பணம். யாரும் மனமிரங்கித் தந்த நன்கொடை அல்ல.

பழைய முதலாளியின் பெயர் நினைவிருந்து, ஓய்வூதியக் கம்பனியின் பெயர் தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஓய்வூதியங்களைத் தேடித் தரும் அரச சேவை ஒன்று உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பழைய சம்பளத் துண்டுகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எப்போது எடுக்கலாம்?

பொதுவாக 55 வயதில் எடுக்கலாம். 2028 ஏப்ரல் 6 முதல் இந்த வயது 57 ஆக உயர்கிறது. அதற்கு முன்னரே எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடும் நோய் போன்ற சில காரணங்கள் இன்றி முன்கூட்டி எடுத்தால், எடுத்த தொகையில் 55 வீதம் வரை வரி அறவிடப்படலாம். ஓய்வூதியம் பற்றி முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் அழைத்து வியாபாரம் பேசுவது 2019 ஜனவரி முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அப்படியான அழைப்பு வந்தால், தமிழில் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

சிறு தொகைக்கென்று ஒரு வழி

ஒரு சேமிப்பின் மொத்தப் பெறுமதி 10,000 பவுணுக்கு மேற்படாவிட்டால், அதை ஒரே தடவையில் முழுவதுமாக எடுத்து அந்தக் கணக்கை முடித்துக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. கால் பங்குக்கு வரி இல்லை. மிகுதி முக்கால் பங்கு அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்க்கப்படும். தனிநபர் ஓய்வூதிய வகையில் ஒருவர் தம் வாழ்நாளில் மூன்று சேமிப்புகளை மட்டுமே இப்படி எடுக்கலாம். முதலாளியின் பொறுப்பில் அறக்கட்டளையாக நடக்கும் திட்டங்களுக்கு அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. உங்களுடையது எந்த வகை என்பதைக் கம்பனியிடமே கேட்டறியலாம்.

இந்த வழியில் எடுத்தால், பிற்பாடு வேறு ஓய்வூதியத்தில் நீங்கள் சேமிக்கக்கூடிய அளவு குறையாது. வேறு வழியில் வரிக்குரிய பணத்தை எடுத்தால், அந்த அளவு ஆண்டுக்கு 10,000 பவுணாகச் சுருங்கிவிடலாம். ஆகவே கம்பனிக்கு எழுதும்போது, "சிறு தொகை என்ற விதியின் கீழ் தர முடியுமா?" என்று தெளிவாகக் கேளுங்கள். எல்லாக் கம்பனிகளும் இவ்வசதியைத் தருவதில்லை.

பல சேமிப்புகளை ஒன்றாகச் சேர்த்தால் வசதிதானே என்று சிலர் எண்ணுகிறார்கள். தலா 4,000 பவுணாக இருந்த மூன்றை ஒன்றாக்கினால் 12,000 பவுண் ஆகிவிடும். பின்பு இந்த வழி அடைபட்டுப் போகும்.

எந்த ஆண்டில் எடுப்பது?

உங்கள் சேமிப்பு 6,000 பவுண் என்று வைத்துக்கொள்வோம். 1,500 பவுணுக்கு வரி இல்லை. மிகுதி 4,500 பவுணில் வழக்கமாக 20 வீதம், அதாவது 900 பவுண் கழித்துக்கொண்டு, 5,100 பவுண் உங்கள் கைக்கு வரும். அந்த ஆண்டில் நீங்கள் முழுநேர வேலையில் இருந்தால் அந்த 900 பவுண் திரும்பாது. ஆனால் வேலையை நிறுத்திய பிறகு, ஏப்ரல் 6இல் தொடங்கும் புதிய வரி ஆண்டில் எடுத்து, உங்கள் வரிக்குரிய மொத்த வருமானம் 12,570 பவுணைத் தாண்டாமல் இருந்தால், அந்த 900 பவுண் முழுவதையும் திரும்பப் பெறலாம். அதற்கு வரித் திணைக்களத்தின் பி53 படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

அரச ஓய்வூதியம் தொடங்கிய பின் இந்த வாய்ப்பு குறைந்துவிடும். புதிய அரச ஓய்வூதியத்தின் முழுத் தொகையே வரியற்ற அளவை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது. ஆகையால் வேலையை விட்டபின், அரச ஓய்வூதியம் வருமுன் உள்ள இடைக்காலமே பலருக்கு ஏற்ற காலம்.

யூனிவர்சல் கிரெடிட் பெறுபவர்கள் கவனிக்க

அரச ஓய்வூதிய வயதை எட்டாத ஒருவரின் தொடாத ஓய்வூதியச் சேமிப்பு இவ்வுதவிப்பணத்தைப் பாதிப்பதில்லை. எடுத்து வங்கியில் போட்டதும் அது உங்கள் கையிருப்பாகக் கணக்கிடப்படலாம். கையிருப்பு 6,000 பவுணைத் தாண்டினால் உதவிப்பணம் குறையும். 16,000 பவுணைத் தாண்டினால் பொதுவாக நின்றுவிடும். ஆகவே முதலில் விசாரித்துவிட்டே எடுங்கள்.

கையெழுத்திடுமுன்

பழைய திட்டங்கள் சிலவற்றில் குறிப்பிட்ட ஓய்வூதியத்துக்கு உத்தரவாதம் எழுதப்பட்டிருக்கும். சேமிப்பை எடுத்தால் அதுவும் போய்விடும். அரசாங்க வைத்தியசாலைகளில் வேலை செய்தவர்களின் ஓய்வூதியம் சேமிப்புக் கணக்கு அல்ல. அது வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் வருமானம். மேலே சொன்னவற்றை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

50 வயதைக் கடந்து, சேமிப்பு வகை ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு அரசின் ஆதரவில் நடக்கும் 'பென்ஷன் வைஸ்' சேவை இலவசமாக விளக்கம் தருகிறது. அதில் உங்களுக்கு எதையும் விற்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மகனையோ மகளையோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருங்கள். கம்பனியின் படிவம் மேசையில் ஒரு வாரம் கிடந்தால் நட்டம் எதுவும் வராது. அவசரத்தில் இட்ட கையெழுத்தை மாற்றுவதுதான் கடினம்.