இணையத்தில் இரை தேடும் மூளை

வீட்டில் ஒருவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பக்கத்துத் தாமானில் டிங்கி பரவுகிறது என்று கொசு ஒழிப்புப் புகை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உடனே யாராவது கைப்பேசியை எடுத்து, "டிங்கி காய்ச்சலுக்கு என்ன மருந்து" என்று தேடுவார். ஒரு நொடிக்குள் ஏராளமான பக்கங்கள் வந்து வரிசையில் நிற்கும். அவற்றில் எதைத் தொடுவார்? ஏன் அதைத் தொடுவார்?

இது விளையாட்டான கேள்வி அல்ல. டிங்கியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது காய்ச்சலைத் தணிக்க பாராசிட்டமோல் எடுக்கலாம். ஆனால், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவை இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தைக் கூட்டிவிடும். இதைச் சொல்லாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

மாணவர்களே, நாம் இணையத்தில் எப்படித் தேடுகிறோம் என்பதை அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை நம்மைப் பற்றியே நமக்குப் பல செய்திகளைச் சொல்கின்றன.

மணம் பிடித்துச் செல்கிறோம்

பழம் தின்னும் ஒரு பறவையைக் கவனியுங்கள். ஒரு செடியில் பழங்கள் நிறைய இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும். பழங்கள் குறையக் குறைய, ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க அதிக நேரமாகும். ஒரு கட்டத்தில் அடுத்த செடிக்குப் பறந்துவிடும். எப்போது பறப்பது இலாபம் என்பதை உயிரியலாளர் எரிக் சார்னோவ் 1976ஆம் ஆண்டில் கணித முறையில் விளக்கினார்.

1990களில், கலிபோர்னியாவில் உள்ள ஸெராக்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் இதே கருத்தை மனிதர்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். நமக்கு இரை தகவல், செடி இணையத்தளம். குறைந்த முயற்சியில் அதிகத் தகவல் கிடைக்கும் இடத்தையே மனம் நாடுகிறது. வழிகாட்டுவது 'தகவல் மணம்'. இணைப்பில் உள்ள சொற்கள், சிறிய படம், தளத்தின் முகவரி ஆகியவற்றைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கிறோம். "மேலும் அறிய" என்ற இணைப்பில் மணமே இல்லை. "டிங்கி: எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?" என்பதில் மணம் தூக்கலாக இருக்கிறது.

ஆனால், மணத்தைப் போலியாகவும் உண்டாக்கலாம். நம் நாட்டுக் காடுகளில் வளரும் கெண்டிச் செடி, தேன்போன்ற நீரைச் சுரந்து பூச்சிகளை வரவழைத்து விழுங்குகிறது அல்லவா? "மருத்துவர்கள் உங்களிடம் சொல்லாத இரகசியம்!" என்ற தலைப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கண் இமைப்பதற்குள் ஒரு தீர்ப்பு

பக்கத்தைத் திறந்ததும் என்ன நடக்கிறது? கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்ட் குழுவினர், இணையப் பக்கங்களை வெறும் 50 மில்லிவினாடி மட்டும் காட்டி, அழகாக உள்ளதா என்று கேட்டனர். ஒரு வினாடியை இருபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. கூடுதல் நேரம் காட்டியபோது கிடைத்த மதிப்பீடுகளும் இந்த மின்னல் வேக மதிப்பீடுகளும் பெரிதும் ஒத்திருந்தன. இந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது.

எத்தகைய பக்கம் பிடிக்கிறது? சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுள் நிறுவனத்துடன் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு பண்புகளைக் காட்டியது. ஒன்று எளிமை. மற்றொன்று, நாம் பார்த்துப் பழகிய அமைப்பு. நெரிசலான, பழக்கமில்லாத பக்கத்தைப் படித்துப் பார்ப்பதற்கு முன்பே மனம் ஒதுக்கிவிடுகிறது.

சிக்கல் இனிமேல்தான். 2002இல் ஸ்டன்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபோக் குழுவினர், 2,684 பேரிடம் இணையத்தளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னார்கள். அவர்கள் கூறிய கருத்துகளில் ஏறக்குறைய 46 விழுக்காட்டில் தளத்தின் தோற்றம் பற்றிய பேச்சே இருந்தது. அழகாக இருப்பது உண்மையாகவும் இருக்கும் என்று மனம் குறுக்குவழியில் முடிவு செய்துவிடுகிறது.

கண் போகும் பாதை

கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு, ஜேக்கப் நீல்சன் குழுவினர் 232 பேர் இணையப் பக்கங்களைப் படிப்பதைக் கவனித்தனர். 2006இல் வெளியான முடிவு: பலரது கண்கள் முதலில் மேல்வரியில் குறுக்காக ஓடின, பிறகு சற்றுக் கீழே இறங்கி மீண்டும் கொஞ்சம் குறுக்காக ஓடின, அதன்பின் இடப்பக்க ஓரமாகவே இறங்கின. ஆங்கில எழுத்தான 'எஃப்' வடிவம். வலக்கீழ் மூலையில் இருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை.

தேடல் முடிவுகளிலும் மேலே இருப்பதற்கே மவுசு. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கூகுள் காட்டிய முதல் பத்து முடிவுகளைச் சில மாணவர்களுக்குத் தெரியாமல் தலைகீழாக அடுக்கிக் காட்டினர். பத்தாவது முடிவு முதலிடத்துக்கு வந்துவிட்டது. அப்போதும் பலர் மேலே இருந்தவற்றையே அதிகம் தேர்ந்தெடுத்தனர். பொருத்தமில்லாத முடிவைக்கூட வரிசை எண் காப்பாற்றியது.

வரிசை எப்படி அமைகிறது? 1998இல் லேரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை வாக்குகளைப் போல எடைபோட்டார்கள். முக்கியமான பக்கம் தரும் வாக்குக்கு மதிப்பு அதிகம். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன. எனினும், முதலிடம் என்பது கணினி செய்த ஊகமே; உண்மைக்கான சான்றிதழ் அல்ல. சில நேரங்களில் முதலில் நிற்பது பணம் கட்டிய விளம்பரம்.

பக்கத்தை விட்டு வெளியேறுங்கள்

2017இல் ஸ்டன்ஃபோர்டின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஒரு சோதனை நடத்தினர். வரலாற்று அறிஞர் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் 10 பேர், பல்கலைக்கழக மாணவர் 25 பேர். குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளுடைய தளங்களை அவர்களிடம் காட்டினர். ஒன்று பெரிய, பழைமையான அமைப்பு. மற்றொன்று அதிலிருந்து பிரிந்த சிறு குழு. பெயர்கள் ஒத்திருந்தன, இரண்டுமே அழகான தளங்கள்.

மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தையே அதிகம் நம்பினர். அறிஞர்கள் பலரும் தடுமாறினர். அவர்கள் பக்கத்துக்குள்ளேயே இருந்து சின்னத்தையும் மேற்கோள்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தனர். சரிபார்ப்பவர்களோ சில வினாடிகளில் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய பக்கம் திறந்து, "இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினர். விரைவாகவும் சரியாகவும் விடை கண்டனர். இதற்குப் 'பக்கவாட்டு வாசிப்பு' என்று பெயர்.

நீங்களே செய்து பாருங்கள்

1. "டிங்கி காய்ச்சலுக்கு என்ன மருந்து" என்று தேடுங்கள். உடனே எதையும் தொடாமல், பத்து முடிவுகளின் தலைப்பையும் முகவரியையும் படியுங்கள்.

2. எவை விளம்பரம், எவை பொருள் விற்பவை, எவை சுகாதார அமைச்சு அல்லது மருத்துவமனையைச் சேர்ந்தவை என்று பிரித்து எழுதுங்கள்.

3. கவர்ச்சியான ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து, அதை நடத்துபவர் யார் என்று வேறொரு பக்கத்தில் தேடுங்கள்.

4. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் பற்றி எத்தனை பக்கங்கள் எச்சரிக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை வகுப்பில் நண்பர்களோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த இடுபணிக்குத் தகவல் திரட்டும்போதும் இதே வழியைப் பின்பற்றலாம். ஆனால், காய்ச்சல் உண்மையாகவே வந்துவிட்டால் தேடிக்கொண்டே இருக்க வேண்டாம். கிளினிக்கிற்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.