அலமாரிக்குள் ஒரு கீரைத் தோட்டம்

மாடியோ முற்றமோ இல்லாத வீட்டில் கீரை வளர்க்க முடியுமா? பழைய மர அலமாரி ஒன்றில் 100 வாட் எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட்டு முயன்றோம். மூன்றாம் நாள் காலையில் வெந்தயக் கீரை தலை சாய்ந்து கிடந்தது. இத்தனைக்கும் மூடிய கதவுக்குள் ஒரு சிறு மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது!

விசிறி இருந்துமா இந்தக் கதி என்று நீங்கள் கேட்கலாம். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வை விரைவில் ஆவியாவதால்தான் அதன் முன்னே நமக்குக் குளுமை தெரிகிறது. மூடிய பெட்டிக்குள் அது அதே காற்றைக் கலக்குகிறது; போதாக்குறைக்குத் தன் மோட்டாரின் வெப்பத்தையும் சேர்க்கிறது.

100 வாட் என்றால் வினாடிக்கு 100 ஜூல். வெளிச்சமாக வரும் பகுதியும் இலையிலும் பலகையிலும் பட்டுப் பெரும்பாலும் வெப்பமாகவே முடிகிறது. ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 1200 ஜூல் போதும். அப்படியானால் உள்வெப்பம் வெளியைவிட 5 டிகிரிக்கு மேல் ஏறாதிருக்க எவ்வளவு காற்று மாறவேண்டும்? 100ஐ 6000ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்குச் சுமார் 17 லிட்டர். ஒரு வாளிக் காற்று!

சூடான காற்று இலேசானது, மேலே செல்லும். ஆகவே தச்சரைக் கொண்டு மேற்பலகையில் துளையிட்டு, விசிறியை வெளிநோக்கிப் பொருத்தினோம். அடியில் அதைவிடப் பெரிய திறப்பு. நுழைய வழியில்லாவிடில் வெளியேற்றும் விசிறி வீண்தானே? இலைகள் விடும் நீராவியும் இவ்வழியே போய்விட, மண்ணில் பூஞ்சணம் குறைந்தது.

ஆனால் வெளிக் காற்றே 38 டிகிரி என்றால் விசிறியால் அதற்குக் கீழே இறக்க முடியாது. சித்திரையில் எங்கள் கீரைக்கு இரவில்தான் பகல்.