மிளகாய் தடவிய குதிரைகள்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வற்றல் மிளகாய்க் கிடங்கைத் தும்மாமல் கடந்தவர்கள் குறைவு. அந்தக் காரத்தைத் தருகிற கேப்சைசின் என்ற பொருள்தான் 2008-இல் நார்வேயின் ஒலிம்பிக் வெண்கலத்தைப் பறித்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் அந்த ஆண்டு ஹாங்காங்கில் நடந்தன. தடை தாண்டும் பிரிவில் நான்கு குதிரைகளின் பரிசோதனையில் கேப்சைசின் தென்பட்டது. அதில் ஒன்று நார்வே அணியின் கமீரோ. பதக்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது.

மிளகாய் எப்போது ஊக்கமருந்தானது? மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் விற்கும் சில களிம்புகளில் இதே காரச்சத்துதான் இருக்கிறது. தடவியதும் எரியும், அப்புறம் அந்த இடத்து நரம்புகள் ஓய்ந்துபோய் வலியைச் சொல்வதை நிறுத்திவிடும். குதிரையிடம் இதை இரண்டு விதமாகவும் பயன்படுத்தலாம். முதுகுவலியை மறைத்து ஓட்டலாம். முன்னங்காலில் தடவி, எரிச்சல் அடங்குவதற்கு முன்னால் இறக்கிவிட்டால், கட்டையில் கால் பட்டால் உயிர் போகும் என்று குதிரை இன்னும் உயரமாகத் தூக்கித் தாண்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இரண்டு காரணத்துக்காகவும் அதைத் தடை செய்திருக்கிறது.

மனித வீரர்களுக்கும் கெடுபிடி ஏறிக்கொண்டே வருகிறது. வீங்கிய மூட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குவது ஒரு காலத்தில் சாதாரணம். 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் அந்த வகை ஊசி எந்த வழியில் போட்டாலும் தடை. அதனால்தான் மருந்தில்லாத வைத்தியங்களின் கடை இப்போது களைகட்டியிருக்கிறது: பனிக்கட்டி, தண்ணீருக்குள் நடை, அதிர்வலை, லேசர், காந்தப் போர்வை, ஒட்டுப்பட்டை, உழிச்சில் என்கிற கேரளத்து மசாஜ். இவற்றில் எது காயத்தை ஆற்றுகிறது, எது வலியை மட்டும் மூடி வைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் ஒரு குதிரையின் காலைப் பார்க்க வேண்டும்.

குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே சதை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. தோல், எலும்பு, அவற்றுக்கிடையே கயிறு கயிறாக இறங்கும் தசைநாண்கள். காலின் பின்பக்கம், தோலுக்கு ஒட்டினாற்போல் ஓடுகிற நாண்தான் பந்தயக் குதிரையின் ஜீவநாடி. 500 கிலோ உடம்பு நாலுகால் பாய்ச்சலில் போகும்போது ஒரு கணம் ஒற்றை முன்னங்காலில் எடையைப் போல் இரண்டரை மடங்கு இறங்குகிறது. நாண் தன் நீளத்தில் 16 சதவீதம் வரை இழுபட்டு, உடனே சுருங்கி, வாங்கிய விசையைத் திருப்பிக் கொடுத்துக் குதிரையை முன்னே எறிகிறது. வாங்கியதில் ஒரு சிறு பங்கு வெப்பமாகத் தங்கிவிடும். ரத்த ஓட்டம் குறைவான அந்த நாணின் நடுப்பகுதி ஓட்டத்தின்போது 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதை அளந்திருக்கிறார்கள். கிழிசல் பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் தொடங்குகிறது.

மனிதனின் குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்க்கக்கூடிய குதிநாண் செய்யும் வேலையும் இதுவே. அதனால்தான் குதிரை வைத்தியரும் விளையாட்டு மருத்துவரும் ஒருவர் ஆராய்ச்சியை இன்னொருவர் ஆவலாகப் படிக்கிறார்கள். இரண்டு நாணுக்கும் குறையும் ஒன்றே: அறுந்தால் லேசில் ஆறாது. எவ்வளவு மெதுவாக என்பதை, எதிர்பாராத விதமாக, அணுகுண்டுகள் காட்டிக்கொடுத்தன. 1955 முதல் 1963 வரை வெட்டவெளியில் நடந்த சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறி இறங்கியது. அந்தந்த ஆண்டில் உருவான திசுவில் அந்தந்த அளவு பதிந்திருக்கும். 2013-இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வு குதிநாண்களை இப்படிச் சோதித்தது. நாணின் உட்பகுதி பதினேழு வயது வாக்கில் உருவானதோடு சரி, அதற்குப் பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. நாற்பது வயதுக்காரர் ஓடுவது பள்ளிக்கூட நாட்களில் வளர்ந்த நாணை வைத்துக்கொண்டுதான்.

இப்படிப்பட்ட பண்டத்தை எதைக்கொண்டு ஆற்றுவது? நூற்றாண்டுகளாக இருந்த பதில், சூடு. நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவதுபோலவே ஐரோப்பாவில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பந்தயக் குதிரையின் காலில் கோடு கோடாக இழுத்தார்கள். காயத்தின்மேல் புதுக் காயம் ஏற்படுத்தினால் உடம்பு விழித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து ஆற்றும் என்பது கணக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் சோதித்து 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். சூட்டால் நாணுக்குப் பலன் ஏதும் இல்லை. ஆனாலும் சூடு போட்ட குதிரைகள் பல தேறித்தான் வந்தன. புண்ணான காலோடு குதிரையை ஓட்ட முடியாதே! மாதக்கணக்கில் லாயத்தில் கட்டிப்போட வேண்டியிருந்தது. ஓய்வு செய்த வேலைக்கு இரும்பு பெயர் வாங்கிக்கொண்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கொச்சிக்கு வருவோம். ஃபோர்ட் கொச்சிப் பக்கம் மாலையில் கதகளியும் களரியும் காட்டும் அரங்குகள் உண்டு. சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது வாள்வீச்சையும் துள்ளலையும். களரியின் மறுபாதி நடப்பது கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், மழை அடைத்துக்கொண்டு பெய்யும்போது. மாணவன் எண்ணெய் பூசித் தரையில் குப்புறப் படுத்திருப்பான். ஆசான் மேலே குறுக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் உள்ளங்காலால் இடுப்பிலிருந்து தோள் வழியாக விரல்நுனி வரை ஒரே இழுப்பில் உழிந்துகொண்டு போவார். கயிறு தாங்கும் எடையைக் கூட்டியும் குறைத்தும் அழுத்தத்தை வைப்பதில்தான் கைதேர்ச்சி, அல்லது கால்தேர்ச்சி. இதற்குச் சவிட்டி உழிச்சில் என்று பெயர். கதகளி மாணவர்களுக்கும் மெய் வளைய இதே மிதி உண்டு. அடிபட்ட இடத்துக்கு முறிவெண்ணெய், பிடிப்புக்குக் கொட்டஞ்சுக்காதி தைலம். அந்தத் தைலத்தில் சேரும் சுக்கு மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சரக்குதான்.

உழிச்சில் என்ன செய்கிறது? தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது என்று மசாஜ் நிலையங்களில் சொல்வார்கள். அது தவறு. அந்த அமிலம் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தானே கரைந்துவிடும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 11 இளைஞர்களைச் சைக்கிள் மிதித்துக் களைக்க வைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிசைந்துவிட்டு, இரண்டு தொடையிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி லாக்டேட்டில் வித்தியாசமே இல்லை. ஆனால் பிசைந்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் தணிந்திருந்தன. ஆக, களைத்த தசைக்கு நல்லது; அறுந்த நாணைத் தைப்பதற்கு அது வழியல்ல.

களரி முறையில் எனக்கு எண்ணெயைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பின்னால் வரும் பத்தியம். கேரளத்தில் அதை நல்லிரிக்கை என்பார்கள். பதினான்கு நாள் சிகிச்சை என்றால் அதற்குப் பிறகு இன்னொரு பதினான்கு நாள் அலைச்சல், வெயில், கடும் பயிற்சி எல்லாம் கூடாது. லாயத்தில் கட்டிப்போட்ட குதிரைக்குக் கிடைத்த அதே ஓய்வு, காலில் சூடு வாங்காமலே. இப்போது ஐந்து நாள் ‘பேக்கேஜ்’ வாங்கி ஆறாம் நாள் விமானம் ஏறுகிறவர்கள் காசு கொடுத்ததில் பாதியைக் கொச்சியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பனிக்கட்டியின் கதை வேறு. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கி வை என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், பிற்காலத்தில் ஐஸ் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தானே மாற்றி எழுதினார். வீக்கம் என்பது பழுது பார்க்க வந்த கூட்டம். அதை விரட்டுவதில் என்ன லாபம்? வலி தணிய முதல் ஒன்றிரண்டு நாள் சற்று நேரம் வைத்துக்கொள்ளலாம். குதிரையில் ஒரு விதிவிலக்கு உண்டு: கடுமையான குடல் நோயை ஒட்டி வரும் குளம்பு அழற்சியைத் தடுக்க, குளம்புகளை இரவும் பகலும் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பது நிச்சயமாகப் பலன் தருகிறது.

அதிர்வலைக் கருவி 1980-இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல் உடைக்க வந்தது. எலும்பிலும் நாணிலும் அது ஏதோ செய்கிறது என்று தெரிந்து குதிரை லாயங்களுக்கு இடம் பெயர்ந்தது. நாள்பட்ட நாண் வலியில் ஓரளவு உதவுகிறது. கூடவே சில நாட்களுக்கு வலியை மழுங்கடிக்கவும் செய்கிறது. அதனால் போட்டிக்கு முந்தைய ஐந்து நாட்களில் குதிரைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு சொட்டு மருந்தும் இல்லாத கருவிக்கு மருந்தைப் போலவே தடை! சரியான தடைதான் என்பேன். வலிக்கிறது என்று குதிரையால் சொல்ல முடியாது, நொண்டத்தான் முடியும். அதையும் நிறுத்திவிட்டால் அடுத்த பாய்ச்சலில் கால் முறியும்.

காந்தம், லேசர், வண்ண ஒட்டுப்பட்டை ஆகியவற்றுக்கு ஆதாரம் மெலிந்தது. குதிரைக்கு நம்பிக்கை வைத்தியம் பலிக்காதே, அது தேறினால் நிஜம்தானே என்று கேட்பார்கள். குதிரைக்குப் பலிக்காது, குதிரைக்காரருக்கு நன்றாகப் பலிக்கும். செலவு செய்தவர் கண்ணுக்கு நொண்டல் குறைந்தே தெரியும்.

சரி, நாணை உண்மையில் எது தேற்றுகிறது? சுவீடனில் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே குதிநாண் வலி இருந்தது. அறுவை செய்துகொள்ள நினைத்தார். அவர் மேலதிகாரி ஒப்பவில்லை. நாண் அறுந்துபோனால் மறுக்க முடியாதே என்று, வேண்டுமென்றே குதிகாலுக்குப் பாரம் கொடுக்க ஆரம்பித்தார். அறவில்லை. வலி போய்விட்டது. 1998-இல் இதையே 15 ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நுனிக்காலில் நிற்க வேண்டும். வலிக்கும் காலில் மொத்த எடையையும் ஏற்றிக் குதிகாலை மெல்ல, படிக்குக் கீழே போகும் வரை இறக்க வேண்டும். மேலே எழும்ப நல்ல காலைத்தான் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டி மூன்று முறை பதினைந்து, சற்று மடக்கி மூன்று முறை பதினைந்து, காலை மாலை இரு வேளை. கூட்டினால் நாளுக்கு 180. வலி குறைந்ததும் முதுகில் பையை மாட்டிப் பாரம் ஏற்ற வேண்டும். 12 வாரம். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். நாணின் அணுக்கள் இழுபடுவதை உணர்ந்து அந்தத் திசையில் நார்களை அடுக்குகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

குதிரையைப் படிக்கட்டில் நிறுத்த முடியாது. அதற்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பதுதான் வைத்தியம். நாளுக்குச் சில நிமிட நடையில் தொடங்கி, வாரா வாரம் கூட்டி, அப்புறம் சிறு ஓட்டம். இடையிடையே அல்ட்ராசவுண்டில் நார்கள் நேராக அடுக்கியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த கட்டம். முழுப் பாய்ச்சலுக்கு ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். காத்திருக்க முடியாத உரிமையாளர்களின் குதிரைகள்தான் மறுபடி நொண்டிக்கொண்டு வருகின்றன. தண்ணீருக்குள் ஓடும் நடைப்பட்டை இந்த இடத்தில் கைகொடுக்கும். மனிதன் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே எடையில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும்.

முழுதாக அறுந்தால் இதெல்லாம் போதாது. பாலக்காட்டு நீளம் தாண்டும் வீரர் ஸ்ரீசங்கருக்கு 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் அடிபட்டு, பாரிஸ் ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு படிப்படியாகப் பயிற்சி செய்து, 2025 ஜூலையில் புனேயில் 8.05 மீட்டர் தாண்டித் திரும்பினார். ஆகவே கொச்சிக்கு உழிச்சிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கெண்டைக்காலுக்குக் கீழே ‘டப்’ என்று சத்தம் கேட்டு, அந்தக் காலின் நுனியில் நிற்க முடியாமல் போனால், எண்ணெயைத் தொடாதீர்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆசானிடம் மூன்று மாதம் கழித்து, மருத்துவர் சம்மதித்தால் போகலாம்.