இரு கதிர்க்குருவிகள்

மதுரையில் வைகையாற்றுக்கு வடபால் அமைந்தது வண்டியூர்க் கண்மாய். அதன் கரைமீது வைகறையில் உலாவுவோர், செடிகளினிடையே நீண்ட வாலை நிமிர்த்தி அசைத்துத் தாவித் திரியும் சிறு பறவைகளைக் காண்பர். ‘குருவி’ என்னும் பொதுப் பெயரால் சுட்டி அப்பாற் செல்வாரே பலர். யானும் நெடுங்காலம் அவற்றை ஓரினம் என்றே எண்ணியிருந்தேன். உற்று நோக்கிய பின்னரே இரண்டெனத் தெளிந்தேன்.

அவற்றுள் ஒன்று சாம்பல்நிறக் கதிர்க்குருவி. மற்றொன்று சாதாக் கதிர்க்குருவி. இரண்டும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமுடையவை. தக்காணத்துப் பறவைகளை ஆராய்ந்த சைக்ஸ் என்னும் ஆங்கிலேயரே இவ்விரண்டையும் 1832 ஆம் ஆண்டில் அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார்.

முன்னதன் முதுகு சாம்பல் நிறம், வயிறு மங்கிய செம்மஞ்சள், கண்கள் சிவந்தவை. பின்னதன் முதுகு பழுப்பு; அடிப்புறம் வெளிறியது; கண்ணின்மேல் புருவம் போன்றதொரு வெண்கோடு உண்டு. முன்னது வெருண்டு பறக்குங்கால், விரலைச் சொடுக்கினாற்போல் ஓசை எழும். பின்னதோ புல்நுனியில் அமர்ந்து, ஒரே ஒலியை இடைவிடாது விரைந்து ஒலிக்கும்.

கூடு கட்டும் திறத்திலும் வேறுபாடு உண்டு. சாம்பல்நிறக் குருவி, தையற்சிட்டைப் போல இலைகளைச் சிலந்தி நூலால் இணைத்துத் தைக்கும். அதன் முட்டைகள் செங்கல் நிறத்தன. சாதாக் குருவியோ புல்லை மெல்லிய நாராகக் கிழித்துப் பைபோலப் பின்னும். அதன் முட்டைகள் புள்ளியும் கீற்றும் உடையன.

இனி, இவற்றை வேறுபடுத்தி அறிவதால் யாது பயன் என மாணவர் வினவலாம். இரண்டும் பூச்சி புழுக்களைத் தின்று பயிருக்கு நலம் செய்வன. எனினும், சாம்பல்நிறக் குருவி வீட்டுத் தோட்டத்துச் செடியிலும் வாழவல்லது. சாதாக் குருவிக்கோ புல்வெளியும், கோரையும், நாணலும், நெல்வயலுமே பெரிதும் புகலிடம். ஊர் பெருகி வயல் சுருங்கினும், கண்மாய்க் கரைப் புல்லைக் கூடு கட்டும் பருவத்தில் கொளுத்தினும், முதலில் இடமிழப்பது அதுவே. அது அகன்ற பின்னும், தோட்டத்தில் மற்றதைக் காண்போர், ‘குருவி இருக்கின்றதே’ என்று கவலையற்றிருப்பர்.

இரண்டென அறிந்தவனே ஒன்று குறைந்ததை உணர்வான். ஆதலின் மாணவர்களே! நும் ஊர்ப் பறவைகளைக் கூர்ந்து நோக்குங்கள். ஒவ்வொன்றையும் அதன் பெயரால் அறியுங்கள். பெயரறிதல் அன்பின் தொடக்கம். அன்பே காவலின் தொடக்கம்.