முதல் மடக்குக்கு முன்

மெரினாவில் விடிகாலை நடை முடித்துத் திரும்புகிறவர்களை நம்பியே சில தள்ளுவண்டிகள் நிற்கின்றன. அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, முடக்கத்தான் சூப். வண்டிப் பக்கம் போகாதவர்கள் வெந்நீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கரண்டி தேன் விட்டு, வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். கொஞ்ச காலமாக ஆப்பிள் சிடர் வினிகர் பாட்டிலும் சமையலறை அலமாரியில் இடம்பிடித்துவிட்டது. தொப்பை கரையுமா, சர்க்கரை இறங்குமா என்று இவற்றைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனால் இவை வயிற்றுக்குப் போகும் வழியில் முதலில் நனைப்பது பல்லை. அந்தப் பேச்சுதான் யாரிடமும் இல்லை.

பல்லின் மேல்பூச்சான எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்புகள். ஆனால் அதற்குள் உயிரணு கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். தேய்ந்துபோன எனாமல் மறுபடி வளராது. அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடுநிலை. அது சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கிறது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறுகிறது. தண்ணீர் கலந்தால் காட்டம் குறையும்தான். ஆனாலும் அரைப் பழம் பிழிந்த ஒரு டம்ளர் தண்ணீர் 5.5ஐ நெருங்குவதில்லை.

“எலுமிச்சை உடம்புக்குள் போனதும் காரமாக மாறிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உள்ளே போன பிறகு என்னவாக மாறினாலும் பல்லுக்கு அதனால் லாபமில்லை. பல் வாசலிலேயே நிற்கிறது.

வாசலைக் காப்பது எச்சில். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. அமிலத்தை அடித்துப்போவதும், நடுநிலைக்குக் கொண்டுவருவதும், கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைப் பல்லுக்கே திருப்பித் தருவதும் அதன் வேலை. தூங்கும்போது இந்த ஊற்று ஏறக்குறைய நின்றுவிடும். காலையில் நாக்கு ஒட்டிக்கொள்வதும் வாய் நாறுவதும் அதனால்தான். அதாவது, காவல்காரன் இன்னும் கண் விழிக்காத நேரம் பார்த்து நாம் எலுமிச்சையை உள்ளே விடுகிறோம்.

இதைவிட மோசம் அடுத்துச் செய்கிற காரியம். வெறும் வயிற்றில் குடித்தால்தான் பலன் என்று எழுந்ததும் குடித்துவிட்டு, அதன் பிறகு பல் தேய்ப்பவர்கள் உண்டு. அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு கொஞ்ச நேரம் இளகிக் கிடக்கும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் இளகியதெல்லாம் தேய்ந்து போகும். பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று விரட்டிய பாட்டிமார் சுத்தத்தை நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் ரசாயனமும் அவர்கள் பக்கமே பேசுகிறது. (வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பதில் தப்பில்லை. அந்த ஒரு இடத்தில் பாட்டியோடு நான் உடன்படவில்லை.) முதலில் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் பல் தேய்த்துவிட்டு நுரையைத் துப்பினால் போதும், வாயை நாலு முறை கொப்பளித்து ஃப்ளூரைடையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டாம். ஃப்ளூரைடு என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழுப்புப் பற்கள் சிலருக்கு நினைவுக்கு வரலாம். அங்கே குடிநீரில் அது மிகுந்து, பல் உருவாகும் வயதில் உடம்புக்குள் போனதால் வந்த கறை அது. பெரியவர்கள் பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புவது வேறு கதை.

மறந்துபோய் முதலில் சாற்றைக் குடித்துவிட்டால், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கலாம். நெல்லிக்காய்க்கும் இதே சட்டம்தான். புளிப்பு எந்த மரத்திலிருந்து வந்தாலும் பல்லுக்கு ஒன்றுதான். வினிகர் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. எடை குறைய வேண்டும் என்று தினமும் ஒரு கிளாஸ் ஆப்பிள் வினிகர் குடித்துப் பற்கள் அரிக்கப்பட்ட 15 வயதுப் பெண்ணைப் பற்றி நெதர்லாந்தின் பல் மருத்துவ இதழ் ஒன்று 2012இல் எழுதியது.

தேனுக்கு நம்மிடையே ஒரு புனிதம் இருக்கிறது. வாயில் உள்ள பாக்டீரியாவுக்கு அது தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரை பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல், தேனையும் பழச்சாற்றையும் குறைக்க வேண்டிய சர்க்கரைப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. இனிப்பு பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறும். இறங்க அரை மணிக்கு மேலாகும். ஆகவே எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் குடித்தோம் என்பதுதான் கணக்கு. ஒரே மூச்சில் குடித்து முடித்தவரைவிட, பேப்பர் படித்தபடி ஒரு மணி நேரம் உறிஞ்சியவர் பல்லுக்கே ஆபத்து அதிகம். சர்க்கரை போட்ட காபிக்கும் இது பொருந்தும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். கெடுதல் இல்லை, விழுங்காமல் துப்பிவிட வேண்டும். ஈறு வீக்கம் குறைந்ததாகச் சென்னைப் பல் மருத்துவர்களே 2009இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 20 சிறுவர்கள்தான். பிரஷ்ஷுக்குப் பதிலாக வைத்துக்கொள்கிற அளவுக்கு அது சாட்சி ஆகாது.

இனி காபி. இது பல்லோடு நிற்காமல் தூக்கத்தையும் தொடுகிற விஷயம். நாள் முழுக்க மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருளின் இருக்கையில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது. குடித்த காஃபீனில் பாதி கழியவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். மாலை 5 மணிக் காபியில் பாதி, இரவு 10 மணிக்குப் படுக்கும்போதும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தால்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த அளவு நம் டபரா காபி ஒன்றில் இல்லைதான். ஆனால் நாம் ஒன்றோடு நிறுத்துவதும் இல்லை. க்ரீன் டீயிலும் மாட்சாவிலும் காஃபீன் உண்டு, சிக்கரியில் கிடையாது. ராத்திரித் தூக்கத்துக்குக் காலைக் காபியைவிடக் காலை வெயில் பெரிய விஷயம். விடிந்ததும் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளையின் கடிகாரம் இரவைக் கணக்குப் போடுகிறது. வாசல் தெளித்துக் கோலம் போட்டவர்களுக்கு அது கேட்காமலே கிடைத்தது.

தூக்கம் வருவதற்கென்று பனங்கற்கண்டு போட்ட மஞ்சள் பால் குடித்துவிட்டு அப்படியே படுப்பது இப்போது பல வீடுகளில் வழக்கம். எச்சில் வற்றப்போகும் வாயில் இனிப்பை விட்டுப் பூட்டுகிற வேலை இது. பாலைக் குடியுங்கள்; பல் தேய்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வாய் காய்ந்தே விழிக்கிறீர்கள், குறட்டையும் இருக்கிறது, பகலில் கண் சொருகுகிறது என்றால் எந்தச் சாறும் அதற்கு மருந்தில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். பல் கூசுகிறது என்று பல் மருத்துவரிடம் போனால், காலையில் என்ன குடிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு, பல் தேய்க்கும் முன்பா பின்பா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.