கறுப்பும் வெள்ளையும் மட்டும் அறிந்த படலம்

பழைய நாளிதழில் அச்சான புகைப்படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரிந்த சாம்பல் நிறம் அங்கே இருக்காது. சிறியதும் பெரியதுமான கறுப்புப் புள்ளிகளும், அவற்றிடையே வெற்றுத் தாளுமே இருக்கும். அச்சு இயந்திரத்துக்கு மையை இடத் தெரியும். இடாமல் விடத் தெரியும். பாதி மை இடத் தெரியாது. சாம்பல் என்பது, எட்ட நின்று பார்க்கும் நம் கண் தானாகச் செய்துகொள்ளும் சமரசம்.

அந்தப் புள்ளிகளை உருவாக்கித் தந்தது, அச்சுத் தொழிலாளர்கள் 'லித் பிலிம்' என்று அழைத்த ஒளிப்படத் தாள். கணினியிலிருந்து நேரடியாக அச்சுத் தகட்டில் லேசர் கதிர் எழுதும் முறை 1990-களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. அதற்கு முன்பு ஆப்செட்டில் அச்சான புத்தக அட்டைகளும் நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் பெரும்பாலும் இந்த பிலிமைக் கடந்தே தாளுக்கு வந்தன. சிறுதொழில்களின் பொருளாதாரத்தைப் பாடமாக நடத்தியவன் என்ற முறையில், சிவகாசியிலும் சென்னையிலும் இத்தகைய இருட்டறைகள் சிலவற்றுக்குள் நான் சென்றதுண்டு. கேமராவின் விலையும், பிலிமின் விலையும், வாடகையும் அங்கே கணக்குப் புத்தகத்தில் இருந்தன. உற்பத்தியின் தரத்தை உண்மையில் தீர்மானித்த ஒன்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைப் புரிந்துகொள்ள, இந்த பிலிம் எப்படி உருத்துலங்குகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குடும்பப் படம் எடுக்கும் சாதாரண பிலிம், வெளிச்சத்தின் அளவுக்கேற்பப் பல படிநிலைகளில் கறுக்கும். லித் பிலிம் அப்படிக் கறுக்கக் கூடாது. ஒரு வரம்புக்கு மேல் ஒளி பட்ட இடம் முற்றிலும் கறுக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட இடம் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். இதில் பாதி வேலையை பிலிமின் மேல் பூசப்பட்ட வெள்ளி உப்புப் படலம் செய்கிறது. மீதியைச் செய்வது டெவலப்பர்.

லித் டெவலப்பர் ஏ, பி என்று இரண்டு கரைசல்களாக வரும். ஒன்றில் ஹைட்ரோகுவினோனும், ஃபார்மால்டிஹைடு சேர்ந்த சல்ஃபைட்டும்; மற்றதில் காரம். ஒளி பட்ட வெள்ளி உப்பை ஹைட்ரோகுவினோன் கறுப்பு வெள்ளித் துகளாக மாற்றும்போது, தானும் வேறொரு பொருளாக மாறுகிறது. அந்த இடைநிலைப் பொருள் ஹைட்ரோகுவினோனைவிட வேகமாகச் செயல்படக் கூடியது. சாதாரண டெவலப்பரில் நிறைய சல்ஃபைட் இருப்பதால் அது உடனுக்குடன் அகற்றப்பட்டுவிடும். லித் டெவலப்பரிலோ கட்டற்ற சல்ஃபைட் மிகக் குறைவு. ஆகவே, கறுக்கத் தொடங்கிய புள்ளி தன் அண்டையையும் கறுக்கத் தூண்டுகிறது. வேகம் வேகத்தைப் பெருக்குகிறது. இதைத் 'தொற்று வினை' என்ற பொருளில் பெயரிட்டு, அதன் வேதியியலை 1945-இல் விளக்கியவர் ஜே.ஏ.சி. யூல். கூட்டு வட்டியின் கணக்கை அறிந்தவர்களுக்கு இதன் போக்கு எளிதில் விளங்கும்.

கூட்டு வட்டியைப் போலவே இதிலும் எங்கே நிறுத்துவது என்பதே சிக்கல்.

இந்த பிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. எனவே சிவப்பு விளக்கின் கீழ், கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். இரு கரைசல்களையும் பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். கலந்த பிறகு யாரும் தொடாவிட்டாலும் காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் அது வீரியம் இழக்கும். பிலிமை விளிம்பில் பிடித்து, வெளிறிய மருந்துப் பக்கம் மேலாக, காற்றுக் குமிழி தங்காமல் தட்டில் ஒரே வீச்சில் நழுவவிட வேண்டும். பரவலாக வழங்கிய விதி 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இரண்டே முக்கால் நிமிடம். சித்திரை மாதத்துச் சிவகாசியில் 20 பாகை என்றால், டெவலப்பர் தட்டைப் பனிக்கட்டி போட்ட பெரிய தட்டுக்குள் வைக்க வேண்டும் என்று பொருள்.

முதலில் சிறிது நேரம் எதுவும் நிகழாது. பிறகு உருவம் மங்கலாகத் தலைகாட்டும். அதன்பின் கருமை விரைந்து ஏறும். முன்னதாக எடுத்தால் புள்ளியின் ஓரம் பஞ்சுபோல் மங்கியிருக்கும். அச்சுத் தகட்டில் அது நிற்காது. தாமதித்தால் மெல்லிய கோடுகளுக்கு இடையே உள்ள வெளி அடைபட்டுவிடும். தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஒரே சீராக அசைக்க வேண்டும். ஆனால், நுண்ணிய பேனா ஓவியம் என்றால் கதை வேறு. தொடக்கத்தில் அசைத்துவிட்டுப் பின்னர் தட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். தேய்ந்துபோன கரைசல் வந்த இடத்திலேயே தங்கி, கருமை பக்கவாட்டில் பரவாமல் காக்கும். அசைக்காமல் இருப்பதும் ஒரு வேலை என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

காலையில் கலந்த டெவலப்பரும் ஐந்து பிலிம்களைக் கழுவிய டெவலப்பரும் ஒன்றல்ல. எனவே கடிகாரம் ஓரளவுக்குத்தான் உதவும். கண்தான் கடைசித் தீர்ப்பு. அடுத்து அசிட்டிக் அமிலக் கரைசலில் நிறுத்தம், ஹைப்போவில் நிலைநிறுத்தம், நீரில் அலசல், உலர்த்தல். தூசு விழுந்து ஊசித்துளையாகத் தெளிந்த இடங்களை ஒளிமேசையில் வைத்துத் தூரிகையால் அடைப்பதும் உண்டு. வண்ணப் படம் என்றால் இவ்வளவும் நான்கு முறை: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நான்கின் புள்ளி வரிசைகளும் வெவ்வேறு கோணத்தில் அமையாவிட்டால், அச்சான படத்தில் பட்டுப்புடவையின் நெளிவுபோல் வேண்டாத வரிகள் தோன்றும்.

கணக்கில் இல்லாத அந்தப் பொருள், இந்தக் கண்ணும் கையும்தான். பல ஆண்டுகளில் சேர்ந்த மூலதனம் அது. உரிமையாளர் தொழிலாளியாக இருந்ததால் கூலி என்ற பெயரில் மறைந்துகிடந்தது. லேசர் முறை வந்தபோது கேமராவுக்குத் தேய்மானம் எழுதினார்கள். கைக்கு யாரும் எழுதவில்லை. அந்தக் கை எதில் நனைந்தது என்பதும் கணக்கில் இல்லை. நான் கண்ட இருட்டறைகளில் கையுறை அரிது. காற்றுப்போக்கி அதனினும் அரிது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியபோது, அவர்களுள் பலர் தொழிலைவிட்டே போயிருந்தனர்.

பிலிமின் விலையை மட்டும் அனைவரும் கவனித்தனர். அதற்குக் காரணம் வெள்ளி. அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், அதன் விலை 1980 ஜனவரியில் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டு, மார்ச் இறுதியில் சரிந்தது. உலகெங்கும் பிலிம் விலையை அது உலுக்கியது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனத்துக்கும் வெள்ளி தவிர்க்க முடியாத மூலப்பொருளே. கறுக்காத பகுதியின் வெள்ளி முழுவதும் ஹைப்போவில் கரைந்து இறங்கும். அதை மின்பகுப்பின் மூலம் மீட்கலாம். பெரிய கூடங்கள் மீட்டன. சிறியவற்றில் பல அதைச் சாக்கடையில் ஊற்றின.

கறுத்த பகுதியின் வெள்ளி பிலிமிலேயே தங்கிவிடுகிறது. இன்றைய கேள்வி அதைப் பற்றியதே. பழைய பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும் லித் பிலிம்கள், வெள்ளிக்காக எடைக்குப் போகின்றன. மூல ஓவியமும் கையெழுத்துப் படியும் தொலைந்துபோன நூல்களுக்கு, பல நேரங்களில் இந்த பிலிமே எஞ்சியிருக்கும் மிகத் தெளிவான சான்று. அச்சான தாளில் மை கசிந்து பரவியிருக்கும். பிலிமில் அந்தக் கசிவு இல்லை. பதிப்பாளர்கள் எடைக்குப் போடுமுன், பின்னொளி உள்ள ஸ்கேனரில் ஒருமுறை வருடி எடுத்துக்கொள்வது பெரிய செலவல்ல. நூலகங்களும் இவற்றைக் கேட்டுப் பெறலாம்.

தரம் பிரிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கட்டைப் பிரித்ததும் புளிங்காடி வாசனை அடித்தால், அது சிதையத் தொடங்கிய அசிடேட் அடித்தாள். அதை மற்றவற்றிலிருந்து விலக்கி, முதலில் வருடிவிட வேண்டும். மஞ்சள் படர்ந்திருந்தால் ஹைப்போ சரியாக அலசப்படவில்லை என்று ஐயுறலாம். அதற்கு இரண்டாம் இடம். பாலியெஸ்டர் அடித்தாளில் நன்கு அலசி உலர்த்திய பிலிம், ஈரம் படாத இடத்தில் இன்னும் பல்லாண்டு காத்திருக்கும்.