தோல் நோய்களும் அவற்றின் பெயர்களும்

சென்ற கோடை விடுமுறையில் யான் என் ஊராகிய நாட்றாம்பாளையத்திற்குச் சென்றிருந்தேன். எங்கள் தெருவில் எருமைத் தயிர் விற்கும் கிழவி ஒருத்தி உண்டு. கன்னடம் பேசும் குடியினள். அவளை நாங்கள் அனைவரும் அஜ்ஜி என்றே அழைப்போம். முன்னெல்லாம் காலை ஏழு மணிக்குள் வெறும் பானையோடு வீடு திரும்புபவள், இம்முறை உச்சிப்பொழுதாகியும் நிறைபானையோடு திண்ணையில் அமர்ந்திருந்தாள். காரணம் வினவிய எனக்கு என் தாயார் தாழ்ந்த குரலில் விடை பகர்ந்தார். அஜ்ஜியின் பேர்த்தி பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவளுடைய மணிக்கட்டிலும் உதட்டோரத்திலும் வெண்மையான திட்டுக்கள் தோன்றினவாம். நகரத்து மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் சென்றனர். மருத்துவரைக் காணுமுன்னரே ஆங்கிருந்த ஊழியர் ஒருவர் கையைப் பார்த்து, “வெண்குட்டம்” என்று சொல்லிவிட்டார். அச்சொல்லின் முற்பாதி வழியிலே தொலைந்தது. பிற்பாதி மட்டும் பேருந்துக்கு முன்னே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பெரியவர்கள் தயிர் வாங்குவதை நிறுத்தினர். சிறுவர்கள் அப்பெண்ணோடு விளையாடுவதை நிறுத்தினர்.

ஒரு சொல் ஒரு வீட்டின் அடுப்பை அணைக்கவல்லதாயின், அச்சொல்லின் வரலாற்றை ஆராய்தல் தமிழ் பயிலும் மாணாக்கனுக்குத் தகாத தொழில் அன்று என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். யான் மருத்துவம் கற்றவன் அல்லன். நோயின் பெயரைப் பற்றியே பேசுவேன்; நோயைப் பற்றிப் பேசவேண்டிய இடங்களில் மருத்துவ நூலார் நிலைநாட்டியவற்றையே சொல்வேன்.

எங்கள் ஊர் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கலுக்குச் செல்லும் மலைவழியில் உள்ளது. காவிரிக்கு அப்பால் கன்னட நாடு. ஆகவே தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து நோவைப் பற்றிப் பேசுதலை நாள்தோறும் கேட்கலாம். நாம் புண் என்பதை அஜ்ஜி ஹுண்ணு என்பாள். தெலுங்கு பேசும் கடைக்காரர் புண்டு என்பார். தமிழில் பகரமாய் நிற்பது கன்னடத்தில் ஹகரமாய்த் திரிதல், பல் ஹல்லு ஆதலாலும் பால் ஹாலு ஆதலாலும் அறியப்படும். காயம் என்பது மூன்று மொழியினர்க்கும் விளங்கும். சொறி சிரங்கைக் கஜ்ஜி என்று சொன்னால் எவரும் மறுமுறை கேளார்.

ஆனால் அக்கி என்னும் சொல்லில் இடர்ப்பாடு உண்டு. கன்னடத்தில் அக்கி என்பது அரிசி. தமிழ்ப்பெண் ஒருத்தி தன் மாமியாருக்கு அக்கி வந்திருப்பதாகச் சொல்ல, அதைக் கேட்ட கன்னடப் பெண்ணொருத்தி பையை எடுத்துக்கொண்டு நியாயவிலைக் கடைக்கு ஓடினாள் என்று எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை வழங்குகின்றது. நோயாகிய அக்கியோ வடமொழி அக்கினியின் சிதைவு; தீப்போல எரிதலால் வந்த பெயர். கன்னடர் அதனைச் சர்ப்பசுத்து, அதாவது பாம்புச்சுற்று, என்பர். கிரேக்கர் அரைக்கச்சை என்று பொருள்படும் ஸோஸ்டர் என்னும் சொல்லால் அதனைக் குறித்தனர். தமிழர் எரிச்சலை நோக்கிப் பெயரிட்டனர். மற்றை இருவரும் வடிவத்தை நோக்கினர். சின்னம்மையை உண்டாக்கும் நுண்கிருமியே உடலை விட்டு நீங்காது நரம்பின் வேரில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, பின்னர் விழித்து, அந்நரம்பு செல்லும் வழியே கொப்புளங்களாய் வெளிப்படுகின்றது. அதனாலேதான் அது பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாய்ப் படர்கின்றது. பாம்பின் தலையும் வாலும் கூடினால் உயிர் போகும் என்று அஞ்சுவது பெயரால் விளைந்த அச்சமே. நம்மவர் குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்வது வழக்கம். ஈரக்காவி எரிச்சலைத் தணிக்கலாம். ஆயின் அக்கி கண்ணருகே தோன்றுமாயின் பார்வைக்கே கேடு சூழ்தலின், அங்கே குயவரை நம்பியிருத்தல் கூடாது.

இனி, காயங்களைக் குறிக்கும் சொற்களில் தமிழ் எத்துணைச் செல்வமுடையது என்பதைச் சிறிது காண்போம். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண்; முதுகிற் பட்டது புறப்புண். ஒன்று புகழ், மற்றொன்று இழிவு. வெண்ணிப் போரில் கரிகாலன் எய்த வேல் ஊடுருவியதனால் முதுகில் உண்டான புண்ணுக்கு நாணி, சேர வேந்தன் வடக்கிருந்து உயிர் துறந்தான் என்பதனைப் புறநானூற்றால் அறிகின்றோம். இங்கும் ஒரு பெயரே உயிரைக் கொண்டது என்க. ஆறாத நிலை புண் எனவும், ஆறிய பின் நிற்பது வடு எனவும் பிரித்தறிந்தே வள்ளுவர் தீச்சுட்டதையும் நாச்சுட்டதையும் ஒரு குறளில் வேறுபடுத்தினார். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசி உட்சென்று மீளுதலைக் குளத்தில் மீனுக்காக மூழ்கி எழும் சிச்சிலிப் பறவைக்கு உவமை கூறுகின்றார் பரணர். தையல் போடுதலை அவர் அருகிருந்து பார்த்தாரன்றி இவ்வுவமை தோன்றியிராது என்பது என் துணிபு. புண்ணின்மேல் வைத்த பஞ்சும், புண்பட்டோன் கிடக்கும் மனையில் செருகிய வேப்பிலையும், புகைத்த வெண்கடுகும் புறநானூற்றில் உள்ளன. சிராய்ப்பு, கீறல், வெட்டு, குத்து, கன்றிப்போதல், சுளுக்கு, முறிவு என இன்றும் ஊரார் நாவில் வழங்குவனவற்றை மருத்துவர் அப்படியே எடுத்தாளலாம்; ஒரு குழுக்கூட்டி ஆக்கவேண்டுவது எதுவும் இல்லை.

நிற்க. தோலின்மேல் வரும் நோய்களுக்கு வந்தால் இந்தத் தெளிவு காணப்படவில்லை. காயம் கண்முன் நிகழ்வது. கத்தி இது, புண் இது என்று காட்டலாம். தோல் நோயின் காரணமோ நுண்ணோக்காடி வரும்வரை ஒருவர்க்கும் புலப்படவில்லை. ஆகவே நிறமும் வடிவமும் அரிப்புமே பெயருக்கு அடிப்படையாயின. அரிப்பினால் சொறிதலின் சொறி. படர்தலின் படை, படர்தாமரை. இப்பெயர் ஆங்கிலப் பெயரினும் நன்று. ஆங்கிலத்தில் அதனை வளையப்புழு என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். அந்நோயில் புழு யாதும் இல்லை, அது காளானினத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரால் வருவது.

தேமல் என்பதன் வரலாறு இன்னும் சுவையுடையது. மகளிர் மேனியில் படரும் புள்ளிகளைச் சுணங்கு என்றும் திதலை என்றும் பாடி, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு மகிழ்ந்தனர் சங்கப் புலவர். உரைகாரர் அச்சொற்களுக்குத் தேமல் என்றே பொருள் எழுதினர். அழகாயிருந்த அத்தேமல் இன்று களிம்பு பூசிப் போக்கவேண்டிய காளான்நோய்க்குப் பெயராயிற்று. போதாக்குறைக்கு, உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி என்று சுகாதாரத் துறையார் சுவர்தோறும் எழுதிவைத்துள்ளனர். அவ்வறிவிப்பில் உயிரான சொல் உணர்ச்சியற்ற என்பதே. அதனை விட்டுத் தேமலை மட்டும் படித்து நடுங்குவோர் பலர்.

குட்டம் என்பது வடமொழிக் குஷ்டத்தின் தமிழ் வடிவம். சித்த மருத்துவ நூல்கள் குட்டம் பதினெட்டு என்று வகுக்கின்றன. அவற்றுள் சுவேதம் என வெண்மை பற்றியதும், கசசருமம் என யானைத்தோல்போல் தடித்தல் பற்றியதும் அடங்கும். அஃதாவது, பண்டை வைத்தியர்க்குக் குட்டம் என்பது ஒரு நோயின் பெயரன்று. பெரிய தோல் நோய்களின் குலப்பெயர். உலக வழக்கில் அக்குலப்பெயர் கையும் காலும் குறைபடும் ஒரு கொடிய நோய்க்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது. சுருங்கிய பின்னும் வெண்குட்டம் என்னும் பழைய தொடர் மட்டும் மாறாது நின்றமையால், யாதொரு தொடர்பும் இல்லாத இரண்டு நோய்கள் உடன்பிறந்தார் ஆயின.

இம்மயக்கம் நமக்கே உரியதன்று. எபிரேயர் வேதத்தில் குஷ்டரோகம் என்று நாம் மொழிபெயர்த்துள்ள சொல், லேவியராகமத்தில் மனிதர் மேனிக்கு மட்டுமன்றி ஆடைக்கும் வீட்டுச் சுவருக்கும் கூட வருகின்றது. ஆடைக்குத் தொழுநோய் வருமோ? எலிசாவின் ஊழியனாகிய கேயாசியின் மேனி வெளுத்ததாகப் படிக்கின்றோம். இன்று நாம் தொழுநோய் என்று அறிந்துள்ள நோயில் மேனி அவ்வாறு வெளுப்பதில்லை. ஞாயிறுதோறும் இப்பகுதிகளைக் கேட்டு வளர்ந்த எனக்கும், வெண்மை என்றால் குஷ்டம் என்னும் எண்ணம் சிறுவயதிலேயே பதிந்திருந்தது என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன்.

தொழுநோய் என்பது புதிதாய் ஆக்கிய சொல்லென்று சிலர் எண்ணுகின்றனர். அது நாலடியாரிலேயே உள்ளது. தீவினையச்சம் என்னும் அதிகாரத்துச் செய்யுள் ஒன்று, முற்பிறப்பில் நண்டின் காலை ஒடித்துத் தின்றவர்க்கு உள்ளங்கை மட்டும் எஞ்ச விரல்கள் அழுகும் தொழுநோய் வரும் என்கின்றது. சொல் அழகியது, காரணமோ நோயுற்றோரைப் பாவிகள் ஆக்கியது. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் என்பார் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். விரல் அழுகுதல் என்பதனையும் பின்னர் ஒருவர் திருத்தினார். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளர் கைகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்தார். விரல்கள் தாமே அழுகி வீழ்வதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றமையால், சுடும் பாத்திரமும் கூரிய கருவியும் உண்டாக்கும் புண்களை நோயாளர் அறிவதில்லை. அப்புண்கள் முற்றியே விரல் குறைகின்றது என்று நிறுவினார். உறங்குவோரின் விரலை இரவில் எலி கடித்தும் அவர் அறியாதிருந்தமையைக் கண்டு, வீடு திரும்பும் நோயாளர்க்குப் பூனைக்குட்டி கொடுத்தனுப்பினாராம். இன்று பல மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறையால் இந்நோய் ஆறு திங்களிலோ ஓராண்டிலோ குணமாகின்றது.

மருத்துவச் சொற்களைத் தமிழில் முறையாக அமைக்க முதன்முதல் முயன்றோருள் தலைசிறந்தவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் செய்து, 1864 முதல் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். இரண வைத்தியம் 1867-லும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872-லும் வெளிவந்தன. தமிழில் சொல் இருந்தால் அதனையும், இன்றேல் வடசொல்லையும், அதுவும் இல்லாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிப்படுத்தியும் கொள்வது அவர் முறை. இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது இம்மூன்றாம் வகை. இன்று அவருடைய நூற்பெயர்கள் நமக்குக் கடினமாய்த் தோன்றலாம். ஆயினும் அவற்றைக் கற்று நோய் தீர்த்த மருத்துவர் பலர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

நம் பக்கத்திலும் இம்முயற்சிக்கு ஒரு தொடர்பு உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி, 1916-இல் சேலத்தில் நண்பரோடு கூடித் தமிழ்க் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்து இதழும் நடத்தினார். அந்நாளில் எங்கள் ஊரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. பின்னர் டி. வி. சாம்பசிவம் பிள்ளை, காவல் துறையில் அலுவல் பார்த்துக்கொண்டே, சித்த மருத்துவச் சொற்களுக்குப் பேரகராதி தொகுத்தார். இவர்கட்கெல்லாம் பின்வந்தோர் வடசொல்லா தென்சொல்லா என்னும் வழக்கிலேயே பெரும்பொழுதைக் கழித்தனர். யானும் தனித்தமிழில் பற்றுடையவனே. ஆயினும் குஷ்டம் போய்த் தொழுநோய் வந்ததனால் அஜ்ஜியின் பேர்த்திக்கு யாது பயன்? வெண்தொழுநோய் என்று மாற்றியிருந்தால் தூய தமிழாயிருக்கும். அவள் துன்பம் அப்படியே இருக்கும். பெயர் தூயதாதலினும் நோயை நோயினின்று பிரித்துக் காட்டுவதாதல் முதற்கடமை. இதனை உணர்ந்தே தமிழக அரசு, வெண்குட்டம் என்பதனை ஒழித்து வெண்புள்ளிகள் என்று வழங்குமாறு ஆணையிட்டது. அவ்வாணை நாட்றாம்பாளையத்திற்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

விடுமுறை முடியுமுன் அச்சிறுமியைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுமாறு அவள் தந்தையைத் தூண்டி, யானும் உடன் சென்றேன். மருத்துவர் அவளைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சுத் திரியால் அவ்வெண்திட்டுக்களை மெல்லத் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் அவள் விரலால் சுட்டிக் காட்டினாள். உதட்டோரத்தைத் தொட்டபோது கூச்சம் தாங்காது சிரித்துவிட்டாள். உணர்ச்சி குறையவில்லை, வேறு அறிகுறியும் இல்லை. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களை உடலின் காவற்படையே தவறாக அழிப்பதனால் வருவது இது, ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றாது என்று விளக்கி, பூசுதற்கு மருந்தும் தந்தார். நிறம் முற்றும் திரும்புமோ என்பதற்கு உறுதி கூறவில்லை.

ஊர் திரும்பிய மாலை, எதிர்வீட்டுப் பாட்டி என்னை அழைத்து, “தம்பி, டாக்டர் என்ன பேர் சொன்னார்?” என்று கேட்டார். வெண்புள்ளி என்றேன். அருகிருந்த அஜ்ஜிக்கு அது விளங்கவில்லை. கன்னடத்தில் இதனைத் தொன்னு என்பர், அச்சொல்லும் அச்சந்தருவதே. ஆகையால் பிளி மச்செ, வெள்ளை மச்சம், என்று அவளுக்குச் சொன்னேன். பாட்டி சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். “புள்ளின்னா, நம்ம காட்டு மானுக்கு இருக்குதே, அந்த மாதிரியா?” என்றார். ஆம் என்றேன். அவர் உள்ளே சென்று செம்பொன்று எடுத்து வந்து, முக்காற்படி தயிர் ஊற்றும்படி அஜ்ஜியிடம் நீட்டினார்.